5500 ஆர்பிஎம்முக்கு மேல் பெட்ரோல் கலவை மெலிவது: முதலில் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் கார் 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5, ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (அது கூட்டும் காற்றழுத்தம்). 5500 ஆர்பிஎம் தாண்டியதும் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 11.8-லிருந்து 13.4-க்குப் போகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது என்கிறீர்கள். தயவுசெய்து முழு த்ராட்டில் ஓட்டத்தை இப்போதே நிறுத்துங்கள், பிஸ்டன் போய்விடும். மேப்பில் (எஞ்சின் கணினியின் பெட்ரோல் அட்டவணையில்) பெட்ரோலைக் கூட்டி மறைக்கவும் வேண்டாம்.

உங்கள் காரில் ரிட்டர்ன் லைன் (எஞ்சினிலிருந்து மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) கிடையாது. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) அழுத்தம் சுமார் 60 பிஎஸ்ஐ, பூஸ்டோடு சேர்ந்து ஏறாது. 8 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 52தான். பாய்ச்சல் ஏறக்குறைய 7% குறையும். ஆனால் ரூட்ஸில் பூஸ்ட் குறைந்த ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால் இந்தக் குறை 3000-லேயே தெரிந்திருக்கும். மேலே மட்டும் மெலிந்தால் எனக்குப் பம்ப் மேல்தான் சந்தேகம்.

ரெயிலில் எலக்ட்ரிக் சென்சார் பொருத்தி லாக் (ஓட்டும்போது அளவுகளின் பதிவு) எடுங்கள். அழுத்தம் பார்ப்பதற்காகப் பெட்ரோல் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். 5500-ல் அழுத்தம் சரிந்தால் பம்ப் கனெக்டரிலேயே, பம்ப் ஓடும்போது வோல்டேஜ் அளக்கவும். பேட்டரியில் 13.8, அங்கே 11.5 என்றால் வயரும் ரிலேயும்தான் குற்றவாளி. வோல்டேஜ் சரி என்றால் ஃபில்டர், அப்புறம் பம்ப்.

அழுத்தம் அசையாமல் நின்றால் இன்ஜெக்டர் டியூட்டியைப் (அது திறந்திருக்கும் நேரத்தின் சதவீதத்தை) பாருங்கள். 90% தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். லாக்கை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.