பதக்கத்துக்கு முன்னால் இருபத்தோரு வருஷம்

வணக்கம் சார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகன், மேஜைக்கு மேலே கொமடோர் கோபால் ராவின் படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "நம்ம மதுரைல பிறந்தவர்ப்பா, மகாவீர் சக்ரா வாங்கினவர்" என்று தினமும் சொல்கிறான். "பதக்கம் வாங்கணும்னா போர் வரணுமே சார், அதுக்கா பிள்ளையை அனுப்புறது?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். படையில் அதிகாரியாகச் சேரப் பிள்ளைகளைத் தயார்செய்யும் என்னிடம் அம்மாக்கள் இதை அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒருவர் எழுதிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

அந்தப் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கே.பி. கோபால் ராவ் 1926-இல் மதுரையில் பிறந்தார். கடற்படையில் சேர்ந்தது 1950-இல். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் இரண்டாவது உயரிய பதக்கமான மகாவீர் சக்ராவை அவருக்கு வாங்கிக் கொடுத்தது, இந்திய-பாகிஸ்தான் போரின் ஒரே ஒரு ராத்திரி: 1971 டிசம்பர் 4. கராச்சித் துறைமுகத்துக்கு அருகே போய்த் தாக்கிவிட்டு வந்த சிறிய கப்பல் குழுவுக்கு அவர்தான் மூத்த அதிகாரி. அவருடைய கப்பல் ஐ.என்.எஸ். கில்டன். கூடவே கட்சால் என்ற இன்னொரு கப்பல், நிர்காட், நிபாட், வீர் என்று மூன்று ஏவுகணைப் படகுகள். அந்தப் படகுகள் சின்னவை, வேகமானவை. ஆனால் கரைக்கு அருகே காவல் காக்கச் செய்தவை என்பதால் தூரம் தாங்காது. எதிரியின் விமானம் வரலாம், நீர்மூழ்கி வரலாம். அந்தக் கடலுக்குள் அவற்றை நடத்திக்கொண்டு போய், காரியம் முடித்து, ஒரு படகைக்கூட இழக்காமல் திரும்ப வேண்டும். பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பலும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலும் (கடலில் போட்ட வெடிகண்ணிகளை அகற்றுவது) அன்றிரவு மூழ்கின. டிசம்பர் 4-ஐக் கடற்படை தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1950-க்கும் 1971-க்கும் நடுவே இருபத்தோரு வருஷம். அன்றைக்கு அவருக்கு வயது 45, பதவி கமாண்டர் (கொமடோர் ஆனது அதற்கு அப்புறம்தான்). அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் எத்தனை ராத்திரி கப்பலின் மேல்தளத்தில் நான்கு மணி நேரக் காவல் நின்றிருப்பார், எத்தனை தடவை சக மாலுமிகளின் லீவு மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று உங்கள் மகன் யோசித்திருக்கிறானா? அவன் சேரப்போவது அந்த வேலையில். பதக்கம் அந்த வேலையின் நடுவே வந்தாலும் வரலாம், பெரும்பாலும் வராது.

இன்னொரு விஷயம். அதிகாரிகளின் வெள்ளைச் சட்டையில் இடப்பக்கம் வரிசையாக ரிப்பன் இருக்குமே, அத்தனையும் வீரப்பதக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது வருஷம் பணி முடித்தால் ஒன்று, இருபது வருஷத்துக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று. சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டில் பணியில் இருந்தவர்களுக்கு ஒன்று. 1971 போரில் மேற்குப் பக்கம் பணியாற்றியவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார், கிழக்குப் பக்கம் என்றால் பூர்வி ஸ்டார். இவை எல்லாம் "நான் அங்கே இருந்தேன்" என்பதற்கான அடையாளம். வீரத்துக்கான ரிப்பன் வேறு. பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு என்றால் மகாவீர் சக்ரா. பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு என்றால் வீர் சக்ரா. கோபால் ராவுக்கு விசிஷ்ட சேவா பதக்கமும் உண்டு. அது போர்க்கள வீரத்துக்கு அல்ல, சிறப்பான பணிக்கு. சொல்லப்போனால் அவன் பின்பற்ற வேண்டியது இரண்டாவதைத்தான் என்பேன்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பூசி மெழுக மாட்டேன். 1971 போரில் கடற்படையினர் எட்டுப் பேருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அதே பட்டியலில் கேப்டன் மஹேந்திர நாத் முல்லாவும் இருக்கிறார். டிசம்பர் 9-ஆம் தேதி டையூவுக்கு அப்பால் அவருடைய குக்ரி கப்பலை நீர்மூழ்கி தாக்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். அவரும் கப்பலோடு போனார். அதே பட்டியலில் சிமன் சிங் என்பவரும் உண்டு. அவர் அதிகாரியே இல்லை, முக்குளிக்கும் பிரிவைச் சேர்ந்த மாலுமி. குல்னா அருகே படகு மூழ்கி, தானும் காயப்பட்டு, கூட இருந்தவர்கள் தப்பிப்பதற்காக எதிரியின் குண்டுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டு பிடிபட்டவர். ஆக, "அதிகாரி ஆனால்தான் பதக்கம்" என்பதும் தப்பு, "பதக்கம் என்றால் உயிர் போகும்" என்பதும் தப்பு. கோபால் ராவ் 94 வயது வரை வாழ்ந்து 2021-இல் சென்னையில் காலமானார். ஆபத்து உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மகன் கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. முல்லாவின் கதையை ஒருநாள் சாப்பிடும்போது அவனிடம் சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறமும் படம் சுவரில் இருந்தால் மேலே பேசலாம்.

சரி, வழிக்கு வருவோம். "எனக்கு இன்ஜினியரிங், அவனுக்கு நேவி" என்று எழுதியிருந்தீர்கள். இதில் சண்டையே இல்லை சார். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து 70 சதவீதம், பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம், கூடவே ஜே.இ.இ. மெயின் ரேங்க். இவை இருந்தால் கடற்படையின் பி.டெக். நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் நான்கு வருஷம் கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் படிப்பு, செலவு கடற்படையுடையது. (சங்கப் பாட்டில் நன்னனுடைய ஏழில்மலை என்று வருமே, அதே மலைதான். தமிழ் ஆசிரியரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.) முடிக்கும்போது பி.டெக். பட்டமும் சப்-லெப்டினன்ட் பதவியும் சேர்ந்து வரும். இன்னொரு வழி என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல் 900. உங்கள் மகன் எப்படியும் ஜே.இ.இ.க்குப் படிக்கிறான் என்பதால் இரண்டையும் எழுதட்டும்.

இரண்டு வழியிலும் வரும் இந்த எஸ்.எஸ்.பி. பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் அது. மொத்தம் ஐந்து நாள். முதல் நாளிலேயே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை முப்பது நொடி காட்டுவார்கள், நாலு நிமிஷத்தில் கதை எழுத வேண்டும், அப்புறம் குழுவாக உட்கார்ந்து அதைப் பேச வேண்டும். நான் ஆரம்பகாலத்தில் ஒரு பையனைப் பத்துக் கதை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினேன். பத்திலும் நாயகன் யாரையாவது தண்ணீரிலிருந்து காப்பாற்றிப் பதக்கம் வாங்குவான். அன்று மத்தியானமே பெட்டியோடு ரயில் ஏறிவிட்டான். காட்டிய படத்தில் இரண்டு பேர் ஒரு மேஜையருகே பேசிக்கொண்டிருந்தார்களாம், இவன் அங்கேயும் வெள்ளத்தைக் கொண்டுவந்துவிட்டான். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அதிலிருந்து நான் கதை சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். தினமும் ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் சத்தமாகப் பேசு, பள்ளியில் ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடி, இதைத்தான் சொல்கிறேன். அது ஆண்டுவிழாவுக்கு நாற்காலி ஏற்பாடு செய்யும் வேலையாக இருந்தாலும் போதும்.

நீச்சல் தெரியாதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அதை அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. "நேவில சேத்துவிடறேன், மூணு லட்சம்" என்று யாராவது வந்தால், அவர் பேசுவது பெரும்பாலும் சரக்குக் கப்பல் வேலையைப் பற்றி, அதாவது மெர்ச்சன்ட் நேவி. அது நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. இந்தியக் கடற்படையில் காசு கொடுத்து நுழையும் கதவு கிடையாது. அக்னிவீர் திட்டமும் வேறு, அது மாலுமிகளுக்கான நான்கு வருஷப் பணி.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்னால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். மகனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய் நிறப்பார்வை பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டையைக் காட்டுவார்கள், ஐந்து நிமிஷ வேலை. சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்துப் பார்க்க முடியாதவரைக் கப்பல் ஓட்டும் பிரிவில் எடுக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் படித்து, எஸ்.எஸ்.பி.யும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுப்பதைப் படம் பிடித்து அனுப்புங்கள், அடுத்து எந்தத் தேர்வு, எந்த மாதம் என்று உட்கார்ந்து பேசுவோம். அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படத்தில் இருக்கும் ரிப்பன்களில் எது எதற்கு என்று அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.