ராப் பாடகர் ஒருவர், ப்ரொடியூசர் ஒருவர், முழு ஆல்பம்: இந்தக் கூட்டுக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு?

ஒரே ப்ரொடியூசரோடு முழு ஆல்பம் செய்வதை ஹிப்-ஹாப் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், பலரிடம் பீட் (ராப் வரிகளுக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும்) வாங்கினால் வகைவகையாகக் கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகை கிடைக்கும். ஆனால் பாடுபவரின் வரிகளுக்காகப் பீட் மாறும் வாய்ப்பு கிடைக்காது என்பதே என் பதில். ஹிப்-ஹாப்பில் ப்ரொடியூசர் என்பவர் பணம் போடுபவர் அல்லர். பீட்டை உருவாக்கி, குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே ஓய வேண்டும் என்று தீர்மானிப்பவர். இன்று பல இளைஞர்கள் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பீட்டை விலைக்கு வாங்கி அதன்மேல் வரிகளை ஏற்றுகிறார்கள். அந்த முறையில் வளைந்துகொடுக்க வேண்டியவர் பாடுபவர் மட்டுமே. இருவர் ஒரே ஆல்பத்துக்காக மாதக்கணக்கில் உழைக்கும்போது வளைவது இரண்டு பக்கமும் நடக்கிறது.

இதற்கு நான் எப்போதும் சுட்டும் ஆல்பம், 2004 மார்ச்சில் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட 'மேட்வில்லனி'. உலோக முகமூடி அணிந்து பாடிய ராப் பாடகர் எம்.எஃப். டூம், கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரைச் சேர்ந்த ப்ரொடியூசர் மேட்லிப் என்ற இருவரின் படைப்பு அது. மேட்லிப் அதன் பீட்டுகளில் பலவற்றைப் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஒரு விடுதியறையில், எடுத்துச் செல்லக்கூடிய டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஒன்றையும், பழைய பதிவுகளிலிருந்து ஒலித்துண்டுகளை வெட்டியெடுத்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் எஸ்பி-303 என்ற சிறிய சாம்ப்ளர் கருவியையும் கேசட் டெக்கையும் வைத்துக்கொண்டே உருவாக்கினார். ஆல்பம் முடிவதற்குள் அதன் முன்வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டது. மனம் சோர்ந்த இருவரும் வேறு வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிறகு திரும்பி வந்தபோது, டூம் தம் குரலை மறுபடி பதிவு செய்தார். கசிந்த வடிவத்தில் துள்ளலாக இருந்த குரல், வெளியான ஆல்பத்தில் தணிந்து, நிதானமாகி, சற்றே கரகரப்பாகிவிட்டது. தூசி படிந்த இசைத்தட்டு போல ஒலிக்கும் அந்தப் பீட்டுகளுக்கு இந்தக் குரல்தான் பொருந்துகிறது என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சட்டென்று விளங்கும். பீட்டை விலைக்கு வாங்கியவர் இப்படித் திரும்பி வந்து பாடியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

தமிழுக்கு இந்தக் கூட்டு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நான் நம்புவதற்கு யாப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. ஆங்கில ராப்பில் ஒலியொப்புமை பெரும்பாலும் வரியின் கடைசியில் விழுகிறது. நான்கு தட்டுக் கணக்கில் ஸ்னேர் என்ற கூர்மையான முரசொலி விழும் நான்காவது தட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தமிழிலோ வினைமுற்றுகள் ஒரே விகுதியில் முடிவதால் இயைபு, அதாவது வரியிறுதி ஒப்புமை, மலிவாகக் கிடைத்துவிடும்; செவியை நிமிர வைப்பது வரியின் தலையில் வரும் எதுகையும் மோனையும்தான். ஆனால் பீட்டில் கனமான கிக்கும் (பெருமுரசின் அடி) பேஸும் (தாழ்ந்த சுர ஒலி) விழும் இடமும் அந்த முதல் தட்டே; அங்கே சொல் அமுங்கிவிடலாம்.

காட்பாடியில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியறையில் ஒலிப்பதிவு செய்கிறார். கதவில் கம்பளி தொங்கும். ரயில் ஊதினால் ஊதி முடியும்வரை எல்லோரும் காத்திருப்போம். தோல் தொழிற்சாலையில் உழைத்த தந்தையைப் பற்றி எழுதிக் கொண்டுவந்த ராணிப்பேட்டைத் தம்பி ஒருவர் அங்கே பாடினார்: "பாலாறு காஞ்ச ஊரு / நாலாளு சொமக்குற தோலு / ஏலாத வயசுல எங்கப்பா". பாலா, நாலா, ஏலா என்று எதுகை வரிசையாக நிற்கிறது. பதிவிலோ மூன்றும் பேஸுக்கு அடியில் அமுங்கிப்போயின. "ண்ணா, மொத அடியில எனக்குக் கொஞ்சம் எடம் வுடுண்ணா" என்று அவர் கேட்டார். நண்பர் கிக்கை அப்படியே வைத்துவிட்டுப் பேஸை அரைத் தட்டுத் தள்ளி நுழைத்தார். அவ்வளவுதான், மூன்று சொற்களும் எழுந்து நின்றன. இப்படிக் கேட்கவும் கொடுக்கவும் ஒரே அறையில் இருவர் வேண்டும். வந்தவாசி, செய்யாறு பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பல இரவுகள் சேர்ந்து ஆடிய குழுவில் மிருதங்கக்காரர் அடுத்த அடி வருமுன்பே கையைத் தாழ்த்தி வேடக்காரரின் சொல்லுக்கு வழிவிட்டிருப்பார்.

தமிழில் இதற்கு நல்ல சான்று, அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு, ப்ரொடியூசர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட 'தெருக்குரல்'. (அரக்கோணம் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனதும் அதே ஆண்டில்தான், எங்களுக்கு அவர் இன்றும் வடார்க்காட்டுப் பிள்ளையே.) திரைப்பாட்டில் ராப்புக்குப் பெரும்பாலும் கிடைப்பது சரணங்களுக்கு நடுவே ஒரு துண்டு. 'ஆன்டி இந்தியன்', 'கள்ளமௌனி' போன்ற பாடல்களில் ஒரு வாதத்தைத் தொடங்கி முடிவுவரை கொண்டுசெல்ல முடிந்ததற்கு, வரிகளை மறைக்காத பீட்டும் முழுப் பாட்டளவு இடமும் அவருக்குக் கிடைத்ததே காரணம் என்று கருதுகிறேன். சாதியையும் அரசியலையும் பேச்சுவழக்கிலேயே நேருக்கு நேர் பேசும் அந்தக் குரலை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் குரலாகவே கேட்கிறார்கள். அது எனக்கு மிகவும் பெருமையாக இருக்கிறது.

ஒரே கைப்பக்குவம் சலித்துவிடாதா என்ற உங்கள் ஐயம் நியாயமானதே, பல கூட்டு ஆல்பங்கள் பாதியிலேயே சலிக்கத்தான் செய்கின்றன. 'மேட்வில்லனி' அதிலிருந்து தப்பியது சுருக்கத்தால்: 22 டிராக்குகள் சுமார் 46 நிமிடத்தில் முடிந்துவிடும், பெரும்பாலானவற்றில் பல்லவியே கிடையாது. மேட்லிப் எடுத்தாளும் மூலங்களும் பரந்தவை. ஜாஸ், பிரேசில் இசை என்று போகும் வரிசையில் ஆர்.டி. பர்மன் இசையமைத்த இந்திப் பாட்டு ஒன்றின் துண்டும் வருகிறது.

கேட்கத் தொடங்குவதானால் 'தெருக்குரல்' முதலில். மொழி தடையாக இராது. பிறகு 'மேட்வில்லனி'யில் 'அக்கார்டியன்' என்ற பாட்டை மட்டும் தனியே கேளுங்கள். இரண்டு நிமிடம்தான். ஒரே துருத்தி இசைத் துண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க, டூம் தட்டுக்குச் சற்றுப் பிந்தியும் முந்தியும் சொற்களை வைப்பதைக் கவனிக்கலாம். அதன் பின்னர் ஆல்பம் முழுவதையும் வரிசை மாற்றாமல் ஓடவிடுங்கள். ஷஃபிளில் போட்டால், ஒரு பாட்டு அறுந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் மேட்லிப் ஒட்டிவைத்திருக்கும் பழைய குரல் துண்டுகள் இடம் மாறிப்போய்விடும்.