சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களுக்குச் சொந்த எஸ்டேட் கிடையாது, சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித்தான் ஓட்டுகிறோம். முதலாளி லீன் (வேலையில் விரயத்தைக் குறைக்கும் டொயோட்டா வழி முறை) பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து, 'ஏழு விரயங்கள்' என்று ஒரு சார்ட்டை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த வேஸ்ட் தரையில் சிந்தும் தூள்தான். வேறு எதைத் தேடுவது? கடைசியில் ஆளைக் குறைக்கத்தான் இதெல்லாமா?

பதில்: தரையில் சிந்துவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் யாராவது கூட்டிவிடுவார்கள். டீ வேஸ்டை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 1959-லிருந்தே தனிக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. அதை விடுங்கள். நான் சொல்வது வேலை மாதிரியே தெரிகிற விரயத்தை.

சாயங்காலம் இலை லாரி வந்து நிற்கும்போது போய், அடியில் அமுங்கிக் கிடக்கிற சாக்கு ஒன்றைப் பிரித்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு பேக்டரியில் நான் அப்படி விட்டுப் பார்த்தேன். வெளியே ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிற குளிர், சாக்குக்குள் அடுப்பங்கரைச் சூடு. பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும், இறுக்கிக் கட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிவந்துவிடும். நடுவிலிருந்து எடுத்த பிடி இலை செம்பு நிறத்தில் இருந்தது. காலையில் ஒரு அம்மா பனியில் நனைந்து பறித்த கொழுந்து அது. தோட்டத்தில் நன்றாக இருந்த இலை, எடை போட வரிசையில் காத்திருந்தே கெட்டது. அதற்கு அப்புறம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி மெஷினில் என்ன பல்லைத் தீட்டினாலும் அந்தத் தரம் திரும்பி வராது.

உங்கள் சார்ட்டில் உள்ள 'காத்திருப்பு' இதுதான். ஏழையும் வகுத்தவர் தாயிச்சி ஓனோ. நூல், தறி ஆலையில் வேலை பார்த்துவிட்டு 1943-ல் டொயோட்டா கார் கம்பெனிக்கு வந்தவர். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, வீணாகச் சுமப்பது, வேண்டாத செய்முறை, தேங்கிக் கிடக்கும் சரக்கு, வீண் நடை, பழுது என்று பிரித்தார். இதில் முதலாவதைத்தான் மிக மோசமானது என்றார், மற்ற ஆறையும் அதுவே மறைத்து வைத்து வளர்க்கிறது என்பதால்.

ஆனால் காத்திருப்பு எல்லாமே விரயம் என்று எடுத்துக்கொண்டால் டீயே கெட்டுப்போகும், இந்த இடத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். வாட்டும் தொட்டியில் இலை மணிக்கணக்காகக் கிடக்கிறதே, அது காத்திருப்பு இல்லை, அங்கே ஈரம் இறங்கி இலைக்குள் வேலை நடக்கிறது. புளிக்க விடுவதும் அப்படித்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போகிறதே என்று கவலைப்பட வேண்டாம், போவது பெரும்பாலும் தண்ணீர். பொருள் மாறுகிறதா, அந்த மாற்றத்துக்கு வாங்குகிறவர் காசு கொடுப்பாரா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது வேலை. இல்லை என்றால் ஏன் செய்கிறோம் என்று கேளுங்கள். இலை வாடி முடித்த பிறகும் ஆள் வராததால் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால், அது விரயம்.

கேட்கும்போது ஒரு 'ஏன்'னோடு நிறுத்தாதீர்கள். இலை ஏன் சிவந்தது? வாசலில் நின்றது. ஏன் நின்றது? எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்தன. ஏன்? எல்லா ஊரிலும் சாயங்காலம் ஒரே ஒரு எடைதான் போடுகிறார்கள். இங்கே வந்துவிட்டால் வழி தெரிந்துவிடும். மத்தியானம் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை என்று பிரியுங்கள், சாக்கை இறுக்கிக் கட்டாதீர்கள், காற்றுப் போகும் வலைப்பை கொடுத்துப் பாருங்கள். கேட்டில் இருக்கிற ஆளைத் திட்டி இதில் எதுவும் நடக்காது.

அப்புறம் விறகு. மழைக்காலத்தில் மூடாமல் போட்ட விறகை டிரையர் அடுப்பில் தள்ளினால், டீயைக் காய வைக்க வேண்டிய சூட்டில் ஒரு பங்கு விறகின் தண்ணீரை விரட்டவே போய்விடும். ஒரு கூரைச் செலவுதான். டிரையர் முடிவில் ஈரம் சுமார் மூன்று சதவீதத்தில் நிற்க வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் காயவிட்டால் விறகும் போகும், எடையும் போகும், கருகல் வாடையும் வரும். கோடவுனில் மாசக்கணக்காக அடுக்கினால் நம் ஊர் மூடுபனிக்குத் தூள் திரும்ப ஈரத்தைக் குடிக்கும். கேட்காத கிரேடை நிறையச் செய்து வைப்பதன் விலை அதுதான்.

ஆளைக் குறைக்கத்தானா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. லீன் என்ற பெயரைச் சொல்லி ஆளை அனுப்பிய இடங்கள் உண்டு, அதை நான் ஏற்கவே மாட்டேன். டொயோட்டாவிலேயே 1950-ல் விற்காத வண்டிகளும் பணமுடையும் சேர்ந்து ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் வரைக்கும் போனது. பொறுப்பேற்று கீச்சிரோ டொயோடா தலைவர் பதவியை விட்டு விலகினார். இதை முதலாளியிடம் சொல்லுங்கள். மிச்சமாகிற கைகளை இலை பிரிப்பதற்கும் மெஷின் பராமரிப்புக்கும் போடுவதாக அவர் முதலிலேயே வாக்குக் கொடுக்கட்டும். வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஆள் விரயத்தைக் கண்டாலும் வாயைத் திறக்க மாட்டார்.

கேள்வி: ஊட்டியில் வர்க்கி போடுகிறோம், விறகு அடுப்பு. சீசனுக்கு முன்னால் மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்வதுதானே லாபம்? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொல்கிறான் படித்த மகன்.

பதில்: பாதி உங்கள் பக்கம், பாதி மகன் பக்கம். அடுப்பைச் சூடேற்ற ஆகும் விறகு பத்து தட்டுக்கும் ஒன்றுதான், நூறு தட்டுக்கும் ஒன்றுதான், அதனால் சூடான அடுப்பை நிரப்புவது தப்பே இல்லை. ஆனால் வாரக்கணக்கில் டின்னில் அடைத்து வைத்தால் பனியில் நமுத்துப்போகும், மொறுமொறுப்புதானே வர்க்கி! தினமும் போடுங்கள், சூடு இறங்க இறங்க எது வேகுமோ அதை அடுத்தடுத்து உள்ளே தள்ளுங்கள், நேற்று கடையில் எவ்வளவு விற்றதோ அதைப் பார்த்து இன்றைக்கு மாவு பிசையுங்கள். மே மாசத்துக்கு மட்டும் கூட ஒரு கை சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கொடைக்கானலில் வீட்டிலேயே தனி ஆளாக பிளம்ஸ் ஜாம் செய்து விற்கிறேன். ஒரே ஆளுக்கு லீன் எதற்கு?

பதில்: ஒரே ஆள் என்றால் உங்கள் கால்தான் முதலில் களைக்கும். ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, அடுப்புக்கும் பாட்டில் அலமாரிக்கும் தராசுக்கும் நீங்கள் நடக்கிற ஒவ்வொரு நடையையும் ஒரு தாளில் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அந்தத் தாள் நூல்கண்டு சிக்கினாற்போல் இருக்கும். எங்கே கோடு ரொம்ப அடர்த்தியோ, அந்த அலமாரியை மறுநாள் காலையிலேயே அடுப்புப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.