மாடித்தோட்டத்து மிளகாய்ச் செடியில் இலை சுருள்வது ஏன்?

தொட்டியில் வளர்க்கும் பச்சை மிளகாய்ச் செடியில் இலைகள் சுருண்டு, பூக்களும் உதிர்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இலை எந்தப் பக்கம் மடிகிறது என்பதை முதலில் கவனியுங்கள். விளிம்புகள் மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. கீழ்நோக்கி மடிந்து, காம்பும் வழக்கத்தைவிட நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி (வீட்டுச் சிலந்தியன்று, சாறு உறிஞ்சும் நுண்ணிய உண்ணி). கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் இலைப்பேன்கள் வெளிர்மஞ்சள் கீற்றுகளாக ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம். சிலந்தியைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

இலைப்பேனுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் அது நீரில் கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, இலையின் அடிப்புறம் நன்கு நனையுமாறு மாலையில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். சிலந்திக்கு, நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் நன்கு கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் அதைத் தெளித்தால் இலை கருகக்கூடும். எல்லாவற்றுக்கும் புளித்த மோரே போதும் என்பாரும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இலைகள் சிறுத்து மஞ்சளாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாக இருக்கலாம்; அதற்கு மருந்தில்லை, பிடுங்கிவிடுவதே மற்றச் செடிகளுக்கு நல்லது.

பூ உதிர்வதற்குப் பூச்சி மட்டுமே காரணமன்று. வெயில் 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் நலமான செடியும் பூவை உதிர்க்கும். நிழல்வலை கட்டி, மண் முற்றிலும் காயாமல் பார்த்துக்கொண்டால் உதிர்வது குறையும்.