டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்காகப் பள்ளியிடம் சட்டப்படி என்ன கேட்கலாம்?

டைப் 1 சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டிய, ஐந்தாவது படிக்கும் உங்கள் மகன் வகுப்பில் சுகர் பார்க்கவோ இன்சுலின் போட்டுக்கொள்ளவோ கூடாது என்று பள்ளி சொல்கிறதாம். சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மகள் அப்போது ஏழாவது.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள். தலசீமியா உண்டு, ஹீமோபிலியா உண்டு, நீரிழிவு இல்லை. நியூ ஜெர்சியில் என் நாத்தனார் பையனுக்கும் டைப் 1தான். அங்கே 1973-ஆம் வருடச் சட்டம் ஒன்றின் 504-ஆவது பிரிவைக் காட்டி, ஊசி யார் போடுவது, லோ ஆனால் (சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால்) யார் பார்ப்பது என்று பள்ளியிடம் எழுதியே வாங்கிவிட்டாள். அந்தத் தைரியத்தில் நானும் பிரின்சிபால் அறைக்குப் போய் உரிமை, கிரிமை என்று ஆரம்பித்தேன். "எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்றார். பதில் இல்லை. "எங்களால் பொறுப்பேற்க முடியாது, வேண்டுமானால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

காப்பாற்றியவர் மாடி வீட்டு மாமா. மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிடையரானவர். ஃபைலைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். "சட்டம் இல்லேன்னா என்னம்மா, லெட்டர் இருக்கே" என்றார்.

இருந்தது. 2023 மார்ச்சில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம். டாக்டர் சொல்லியிருந்தால் குழந்தை வகுப்பு நடக்கும்போதே சுகர் பார்க்கலாம், இன்சுலின் போட்டுக்கொள்ளலாம், இடையில் சாப்பிடலாம், ஆசிரியர் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. டாக்டர் சம்மதித்தால் விளையாட்டிலும் சேர்க்க வேண்டும். (எங்கள் பி.டி. சார் அவளை ஓரமாக உட்கார வைத்திருந்தார், பாசத்தில்தான்.) இது பரிந்துரை, கோர்ட் உத்தரவு இல்லை. ஆனாலும் பள்ளிக்காரர்கள் அதைப் படித்த பிறகு பேச்சின் தொனி மாறியது உண்மை.

நான் எழுதிய மனுவில் "தயவுசெய்து அனுமதிக்குமாறு" என்றிருந்ததை மாமா அடித்துவிட்டார். "கெஞ்சினா மாட்டேன்னு சொல்றது அவாளுக்குச் சுலபம்." அந்த இடத்தில் ஆணையத்தின் கடிதத்தைத் தேதியோடு குறிப்பிட்டு, கடைசியில் ஒரு வரி: "அனுமதி இல்லையெனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." ஆபீசில் கொடுத்து நகலில் முத்திரையும் டைரி நம்பரும் வாங்கி வரச் சொன்னார். காரணத்தை எழுத்தில் தர யாரும் தயாராக இல்லை. ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். சுகரை இருக்கையிலேயே பார்க்கலாம், பேனா ஊசி மட்டும் மெடிக்கல் ரூமில் என்று முடிந்தது. எனக்கு இதில் அரை மனதுதான். லோ ஆனால் ஜூஸ் குடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதை மட்டும் விடாமல் வாங்கினேன்.

டி.சி. மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி எட்டாவது முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது.

போர்டு தேர்வு உங்களுக்கு இன்னும் தூரம். சி.பி.எஸ்.இ. 2017-லேயே சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், அரை லிட்டர் தண்ணீர் எல்லாம் ஹாலுக்கு எடுத்துப்போக அனுமதித்துவிட்டது. சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டரையும் அதன் ஸ்ட்ரிப்பையும் ஹாலில் கண்காணிப்பாளரிடம் வைத்துக்கொள்ள விட வேண்டும் என்று ஆணையத்தின் கடிதம் சொல்கிறது.

நாளைக்கே செய்ய வேண்டியது டாக்டர் சான்றிதழ். எங்கள் முதல் சான்றிதழில் "தேவைப்படும்போது இன்சுலின்" என்று மட்டும் இருந்தது. தேவையை யார் முடிவு செய்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எத்தனை மணிக்கு எத்தனை யூனிட், எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன கொடுக்க வேண்டும், குழந்தை தானே போட்டுக்கொள்வானா, மூன்றையும் எழுதி வாங்குங்கள்.