கேப்டன் ஆவதா, பெரிய விமானத்துக்கு மாறுவதா?

கேள்வி: குறுந்தூர ஜெட் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு கேப்டன் பயிற்சிக்கு என் முறை வரக்கூடும். இந்நிலையில், நீண்டதூர விமானத்தில் துணை விமானியாகச் சேர வேறொரு நிறுவனம் கூடுதல் சம்பளத்துடன் அழைக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: உங்கள் முறை உண்மையிலேயே நெருங்கியிருந்தால், காத்திருங்கள் என்றே சொல்வேன். கேப்டனாகப் பறந்த நேரம் பதிவேட்டில் ஏறிய பிறகு பிற நிறுவனங்களில் திறக்கும் கதவுகள், துணை விமானியாக எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் எளிதில் திறப்பதில்லை. பணிமூப்பை அடிப்படையாகக் கொண்ட நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் பட்டியலின் கடைசியில்தான் நிற்பார். பதவி உயர்வு, விடுப்பு, பணி அட்டவணை ஆகியவற்றோடு, நெருக்கடிக் காலத்தில் முதலில் வேலை இழப்பவர் யார் என்பதையும் பெரும்பாலும் அந்தப் பட்டியலே முடிவு செய்கிறது.

நீண்டதூரப் பறத்தலின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே மூன்று, நான்கு விமானிகள் பகிர்ந்து பறப்பதால் தரையிறக்கும் வாய்ப்பு குறைவு. 90 நாட்களில் மூன்று முறை மேலேற்றித் தரையிறக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றவே சிலர் சிமுலேட்டரை, அதாவது விமானி அறையைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியை, நாட வேண்டியிருக்கிறது. கைப்பழக்கம் வளர வேண்டிய பருவத்தில் இது சிறிய இழப்பல்ல.

பன்னாட்டு வணிகப் பறத்தலுக்கு வயது வரம்பு 65 என்பதால், ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதையும் கணக்கிடுங்கள். கையெழுத்திடும் முன், பயிற்சிச் செலவுக்கான ஒப்பந்தப் பிணைப்பு எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.