மலைக்குப் பின்னால் மறையும் நண்பர்

கேள்வி: மலையேற்றத்தில் ஜி.பி.எஸ். இணைந்த வாக்கி-டாக்கி பயன்படுத்துகிறோம். நண்பரின் இருப்பிடம் திரையில் சில வேளைகளில் நகராமலே நிற்கிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. ஒவ்வொரு கருவியும் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. ஆனால் அந்த இடம் உங்கள் திரைக்கு வந்து சேர்வது வானொலி அலை வழியாகத்தான். நண்பர் ஒரு முகட்டைத் தாண்டி இறங்கியதும் அவ்வலை தடைபடுவதால், கடைசியாக வந்த இடமே திரையில் தங்கிவிடுகிறது. ஆகவே புள்ளியைப் பார்க்குமுன் அது எத்தனை நிமிடங்களுக்கு முந்தையது என்று பாருங்கள். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொலைவை நம்ப வேண்டாம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த இரு கருவிகளுக்கு இடையே, தடையே இல்லாத சமதளத்திலும், புவியின் வளைவு ஏறத்தாழ 10 கி.மீ.க்கு மேல் விடாது. அடர்ந்த காட்டில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். பேசும்போது ஆண்டெனாவைச் செங்குத்தாக வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்தால் பள்ளத்தில் நின்று கத்துவதைவிட, பாதுகாப்பான மேட்டுக்கு ஏறி மீண்டும் அழைப்பதே பயன் தரும். இருப்பிடத்தை அடிக்கடி அனுப்பினால் பேட்டரி விரைவில் தீரும் என்பதால், மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.